ஹோஸ் எங்க தொடுது எண்டு பாருங்கோ

போன எபிசோட்டில் ஸ்டியர்-பை-வயர் பற்றிக் கதைத்தோம். டெஸ்லா சைபர்டிரக்கில் ஸ்டியரிங்குக்கும் முன் சில்லுகளுக்கும் நடுவில் இரும்புத் தண்டே இல்லை, வயரும் மோட்டரும்தான் என்று. அதற்குப் பிறகு இன்பொக்ஸுக்கு வந்த கேள்விகளில் ஒன்று எனக்குப் பிடித்துக்கொண்டது. "அக்கா, அதெல்லாம் சரி. நான் ஒரு பழைய போர்-பை-போர் வாங்கியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் டிரைவ்வேயில ஒரு டொலர் காசளவு சிவப்பு எண்ணெய் கிடக்குது. பவர் ஸ்டியரிங் ஹோஸாம். இதோட ட்ரெயிலுக்குப் போகலாமோ?"

போகாதேங்கோ. பதில் அவ்வளவுதான். ஆனால் அதோடு விட்டால் நீங்கள் புது ஹோஸ் ஒன்று வாங்கிப் போடுவீர்கள், அதுவும் அதே இடத்தில் தேயும். அதனால் இந்தக் கிழமை முழுக்க ஹோஸ் கதைதான்.

இது ஏன் எங்கட வயதுக்காரருக்கு அதிகம் வருகிற பிரச்சினை? புது வண்டிகளில் இந்த ஹோஸே மெல்ல மறைந்துகொண்டு போகிறது. டொயோட்டா ரகோமா 2024 மொடலோடும், 4ரன்னர் 2025 மொடலோடும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங்குக்கு மாறிவிட்டன. 2018இல் வந்த ஜீப் ரேங்லர் ஜே.எல்., எண்ணெயை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் மின்சாரத்தில் ஓட விட்டது. ஆனால் ஓசாப் கடனும் கட்டி, அஜக்ஸ் முகவரிக்கு இன்சூரன்ஸும் கட்டுகிற ஆளுக்குக் கைக்கு எட்டுகிறது அதற்கு முந்திய வண்டிகள்தானே. அதில் எல்லாம் ஹோஸ் இருக்கும்.

பழைய முறை இப்படி. எஞ்சின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயை அமுக்கி ஒரு ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. போகிறது பிரெஷர் லைன், வருகிறது றிட்டேர்ன் லைன். பார்க்க இரண்டும் கறுப்பு றப்பர்தான், ஆனால் இரண்டும் இரண்டு உலகம். நேர் றோட்டில் ஓடும்போது பிரெஷர் லைனுக்கும் பெரிய வேலை இல்லை. பார்க்கிங்கில் நின்றபடி முழுதாகத் திருப்பினால், அல்லது சில்லு இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி நிற்கும்போது திருப்பினால், அமுக்கம் 1,000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். உங்கட கார் ரயரில் இருக்கிறது 35 சொச்சம்.

இந்த வித்தியாசத்தை எனக்கு மண்டையில் ஏற்றினது என் பெரிய மாமா. யாழ்ப்பாணத்தில் 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓடினவர். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டின தலைமுறை அது. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டினால் உலகத்தில் எந்த ஒழுக்கும் நிற்கும் என்று நம்புகிற ஆட்கள். கனடாவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல் கராஜில் வேலை செய்தவர், இப்ப அஜக்ஸில்தான் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரே பிரெஷர் லைனைக் கண்டால் கையை உயர்த்திவிடுவார். "பிள்ளை, றிட்டேர்ன் லைன் ஒழுகினா நான் ஏதாவது கட்டி வீடு வரைக்கும் கொண்டுவருவன். மற்றதுக்குக் கட்டுறது எண்டு ஒண்டும் இல்லை. மாத்துறதுதான்."

அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கட்டுரையே. "எங்க வெடிச்சது எண்டு பாக்காத. எங்க தொட்டுக்கொண்டிருந்தது எண்டு பார்."

பிரெஷர் லைன் முழுக்க றப்பர் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புக் குழாய், நடுவில் மட்டும் றப்பர். ஏன் நடுவில்? பம்ப் எஞ்சினில் பூட்டியிருக்கிறது. ஸ்டியரிங் பெட்டி வண்டியின் ஃபிரேமில் பூட்டியிருக்கிறது. எஞ்சின் றப்பர் மவுண்டில் இருப்பதால் காஸ் அமத்தினால் ஒரு பக்கம் சாயும், விட்டால் திரும்பி வரும். ஒன்றுக்கொன்று அசைகிற இரண்டு சாமானுக்கு நடுவில் பாலம் போட வளைகிற துண்டு ஒன்று வேண்டும். அந்தத் துண்டுதான் றப்பர். அதாவது அந்த ஹோஸ் அசையவேண்டும் என்றே செய்யப்பட்டது. அசைகிறது எதையாவது தொட்டால் தேயும்.

றோட்டு வண்டியில் கொம்பனி போட்ட கிளிப்புகள் ஹோஸைத் தள்ளிப் பிடித்திருக்கும், பத்து வருசம் பிரச்சினை இல்லாமல் ஓடும். ட்ரெயில் வண்டியில் கதை வேறு. முதலில், முன்னைய சொந்தக்காரர் லிஃப்ட் போட்டிருப்பார். அதோடு ஸ்டியரிங் சாமான்கள், பிராக்கெட்டுகள் சில இடம் மாறியிருக்கும், ஆனால் ஹோஸ் பழைய நீளம், பழைய வழி. இரண்டாவது, யாரோ ஒருவர் ஒரு கிளிப் உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் ஸிப்-டை போட்டிருப்பார். ஸிப்-டை நல்ல சாமான்தான், ஆனால் அதற்குள் மண் போனால் அது ஒரு அரம். மூன்றாவது சேறு. ஹோஸுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் காய்ந்த சேறு எமரி பேப்பர் மாதிரி வேலை செய்யும். எஞ்சின் ஒவ்வொரு முறை சாயும்போதும் ஒரு இழுப்பு. ஆயிரக்கணக்கான இழுப்புக்குப் பிறகு மேல் றப்பர் போய் உள்ளே இருக்கிற நூல் பின்னல் தெரியும். அமுக்கத்தைத் தாங்குகிறதே அந்தப் பின்னல்தான். அது பிய்யத் தொடங்கினால் ஹோஸின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

சூடு அடுத்தது. எக்ஸோஸ்ட்டுக்குக் கிட்டப் போகிற ஹோஸ் வெந்து காய்ந்து, கையால் வளைத்தால் சின்னச் சின்ன வெடிப்புகள் தெரியும். ட்ரெயிலில் மணிக்கு 5 கிலோமீற்றரில் ஊரும்போது ரேடியேற்றருக்குக் காற்றும் வராது. அதோடு பெரிய ரயர், திருப்பக் கஷ்டம், ட்ரைவர் ஸ்டியரிங்கை முழு முனையில் அமத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது பம்பில் இருக்கிற வால்வு திறந்து எண்ணெயைத் திரும்பத் திரும்ப உள்ளுக்குள்ளேயே சுற்ற விடுகிறது. சக்தி முழுக்கச் சூடாக மாறும். முனையில் இடித்ததும் ஒரு துளி பின்னுக்கு விடுங்கோ. அந்த ஒரு பழக்கம் ஹோஸையும் பம்பையும் சேர்த்துக் காப்பாற்றும். கல்லேறுகிற ஆட்கள் றிட்டேர்ன் லைனில் ஒரு சின்னக் கூலர் போடுவது இதற்காகத்தான், அது ஷோ காட்டுகிற சாமான் இல்லை.

மூன்றாவது எங்கட ஒன்ராறியோவுக்கே உரியது: உப்பு. 401இல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொட்டுகிற உப்பு, றப்பரை விட அந்த இரும்புக் குழாயைத்தான் தின்னும். குறிப்பாக றப்பரும் இரும்பும் சேருகிற அமுக்கின வளையம். சேறு அங்கே ஒட்டினால் உப்புத்தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் றப்பர் புதுசு மாதிரி இருக்கும், வளையத்துக்குக் கீழே கறள் பிடித்து எண்ணெய் வேர்க்கும். ட்ரெயிலுக்குப் போய்வந்த அன்றே வண்டியின் அடியைக் கழுவுங்கோ, அடுத்த நாள் இல்லை. இலையுதிர்காலத்தில் அடிக்கிற கறள் தடுப்பு எண்ணெயை அந்த இரும்புக் குழாய்க்கும் அடிக்கச் சொல்லிக் கேளுங்கோ. றப்பரில் வேண்டாம்.

பார்ப்பது எப்படி? எஞ்சின் ஆறியிருக்கும்போது ரோச் ஒன்றை எடுத்து, பம்பிலிருந்து தொடங்கி ஹோஸ் போகிற வழியை விரலால் தடவிக்கொண்டு போங்கோ. பளபளப்பாகத் தேய்ந்த இடம், தட்டையான இடம், ஊதின இடம், பஞ்சு மாதிரி இளகின இடம். கை போகாத இடத்துக்கு ஃபோனில் வீடியோ எடுங்கோ. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பார்க்கில் போட்டு, ஹாண்ட்பிரேக்கும் இழுத்து, நண்பர் ஒருவரை ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில் நின்று ஹோஸைப் பாருங்கோ. அது துடிக்கும், கொஞ்சம் நிமிரும். நிற்கும்போது ஒரு விரல் இடைவெளி இருந்த இடம் அப்போது தொடும். அதுதான் நீங்கள் தேடுகிற இடம்.

இந்தக் கட்டத்தில் தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கோ. எஞ்சின் ஓடும்போது கையை ஹோஸில் வைக்காதேங்கோ. ஊசி முனை அளவு ஓட்டையால் அந்த அமுக்கத்தில் வருகிற எண்ணெய், தோலைத் துளைத்து உள்ளே போகும். கையுறையும் காப்பாற்றாது. முதலில் ஒரு சின்ன ஊசிக் குத்து மாதிரித்தான் இருக்கும், பெரிதாக நோகாது, ஆட்கள் கழுவிவிட்டுப் படுத்துவிடுவார்கள். உள்ளே எண்ணெய் பரவி, மணித்தியாலக் கணக்கில் விரலையே எடுக்கவேண்டி வருகிற காயம் அது. சந்தேகம் வந்தால் நேரே எமேர்ஜென்சிக்குப் போய், "அமுக்கத்தில் வந்த எண்ணெய் உள்ளே போயிட்டுது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கோ. ஒழுக்கைத் தேட ஒரு காட்போட் மட்டையை நீட்டினால் போதும், எண்ணெய் அதில் பட்டுக் காட்டிக்கொடுக்கும்.

போன செப்டெம்பரில் நாங்கள் மூன்று வண்டியில் பான்கிராஃப்ட் பக்கம் போனோம். நடுவில் வந்த நண்பனின் வண்டியில் பின்னேரம் போல ஹோஸ் போனது. ஒரு கல்லில் ஏறும்போது முழுதாகத் திருப்பினான், "சீ" என்று ஒரு சத்தம், பொனெற்றுக்குக் கீழே இருந்து வெள்ளைப் புகை. எண்ணெய் எக்ஸோஸ்ட்டில் கொட்டுகிறது. அவன் உடனே எஞ்சினை நிற்பாட்டினான், நான் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பற்றவில்லை. பற்றியிருக்கலாம், அந்த எண்ணெய் சூடான இரும்பில் பட்டால் எரியக்கூடியது. சுற்றிவரக் காய்ந்த இலை, ஃபோனில் ஒரு பார் கூட இல்லை. பிறகு பார்த்தால் லிஃப்டோடு வந்த ஒரு பிராக்கெட்டின் ஓரம் ஹோஸில் வெட்டின மாதிரி ஒரு கோடு. வெடித்தது அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி. மாமா சொன்னது அப்படியே.

அந்த ஆறு கிலோமீற்றரும் நாங்கள் வெளியே வந்த விதம்தான் எனக்கு ஸ்டியர்-பை-வயர் விவாதத்தில் ஒரு கட்சி எடுக்க வைத்தது. ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் எண்ணெய் உதவி மட்டும்தான் செய்கிறது. தண்டு, பெட்டி எல்லாம் இரும்புத் தொடர்பு. எண்ணெய் போனாலும் வண்டி திரும்பும், ஆனால் 35 அங்குல ரயரோடு இரண்டு கையும் தோளும் சேர்த்துத் தள்ளவேண்டும். எஞ்சினை ஓட்டவும் முடியாது, ஏனென்றால் எண்ணெய் இல்லாத பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். பெல்ட்டைக் கழற்றலாம் என்றால் அதே பெல்ட்தான் வோட்டர் பம்பையும் ஓல்டர்னேற்றரையும் சுற்றுகிறது. கயிறு போட்டு இழுத்தோம், அவன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினான். வந்து சேர இருட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை, பெரிய பிக்கப் வைத்திருக்கிறவர்களுக்கு. ஃபோர்ட் சூப்பர் டியூட்டி, சில்வராடோ எச்.டி., டீசல் ராம் மாதிரி வண்டிகள் பலவற்றில் பிரேக் உதவியும் இதே ஸ்டியரிங் பம்பிலிருந்துதான் வருகிறது. ஹைட்ரோபூஸ்ட் என்பார்கள். அதில் ஹோஸ் போனால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்தில் இறுகும். சேமிப்பில் கொஞ்சம் உதவி மிஞ்சியிருக்கும், இரண்டொரு மிதிக்கு. இறக்கத்தில் போகிறவருக்கு அது போதாது. உங்கட வண்டியில் எது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கோ.

இது புதுக் கவலையும் இல்லை. பியர்ஸ்-ஏரோ டிரக் கொம்பனியில் வேலை செய்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926இல் பவர் ஸ்டியரிங்கைச் செய்து காட்டினார். கடையில் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1951 கிரைஸ்லர் இம்பீரியலில்தான். நடுவில் அதை எடுத்துக்கொண்டது யுத்தம். அஜக்ஸ் என்ற எங்கட ஊரே அந்த யுத்தத்தில் குண்டுக்கு மருந்து நிரப்பின தொழிற்சாலையைச் சுற்றி முளைத்தது, பேரும் ஒரு போர்க்கப்பலின் பேர். அதே யுத்தத்தில் கனேடியப் படை ஓட்டின ஸ்டாக்ஹவுண்ட் கவச வண்டி, கிட்டத்தட்ட 14 தொன், அதில் பவர் ஸ்டியரிங் இருந்தது. இரண்டு எஞ்சின். ஒன்று போனால் மற்றது. இன்ஃபினிட்டி க்யூ50 தன் ஸ்டியர்-பை-வயருக்குள் பழைய தண்டையும் ஒரு கிளட்ச்சோடு ஒளித்து வைத்தது அதே புத்திதான். எங்கட வண்டிக்கு இரண்டாவது பம்ப் கிடையாது. அதனால் டிக்கியில் ஒரு பிரெஷர் ஹோஸ், இரண்டு லீற்றர் எண்ணெய், சரியான ஸ்பனர்.

இனி மாற்றுகிற வேலை. ஒன்ராறியோவில் அடுத்தவர் வண்டியைக் காசுக்குத் திருத்த லைசன்ஸ் வேண்டும், உங்கட வண்டியை நீங்களே திருத்தலாம். முதல் நாள் இரவே நட்டுகளுக்குக் கறள் இளக்குகிற எண்ணெய் அடித்து விடுங்கோ. சாதாரண ஸ்பனர் அந்த நட்டின் முனைகளை உருட்டிவிடும், குழாய் நட்டுக்கென்று இருக்கிற ஃபிளேர் ஸ்பனரை வாங்குங்கோ. தொட்டியில் இருக்கிற எண்ணெயைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கோ. பழைய ஓ-றிங், செப்பு வோஷர் ஒன்றையும் திரும்பப் போடவேண்டாம், சில சதக் காசு. முக்கியமானது இதுதான்: புது ஹோஸின் இரண்டு முனையையும் முதலில் கையால் மட்டும் பூட்டுங்கோ. ஹோஸை அது விரும்புகிற மாதிரிப் படுக்க விட்டு, முறுகல் இல்லை என்று பாருங்கோ. பெரும்பாலான ஹோஸில் நீளத்துக்கு ஒரு எழுத்துக் கோடு இருக்கும். அது பாம்பு மாதிரிச் சுற்றியிருந்தால் முறுகியிருக்கிறது என்று அர்த்தம். நேரான பிறகுதான் இறுக்கவேண்டும். பிறகு றப்பர் பூசின இரும்புக் கிளாம்ப்பால் தள்ளிப் பிடியுங்கோ. தேய்கிற இடத்தில் இன்னொரு ஹோஸைப் பிளந்து சட்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. தேய்மானத்தை அது நிற்பாட்டாது, மறைக்கும்.

எந்த ஹோஸ்? பிரெஷர் லைனுக்கு எஸ்.ஏ.ஈ. ஜே188, றிட்டேர்னுக்கு ஜே189 என்று பக்கத்தில் அச்சடித்திருக்கும். ஜே188 ஹோஸ் வேண்டுமென்றே கொஞ்சம் உப்பி, பம்பின் துடிப்பை விழுங்குகிற ஹோஸ். அதற்குப் பதிலாகச் சாதாரண டிராக்டர் ஹைட்ராலிக் ஹோஸ் போட்டால் அமுக்கத்தைத் தாங்கும், ஆனால் ஸ்டியரிங் முனகும். றிட்டேர்ன் லைனுக்குக் கூலன்ட் ஹோஸ் துண்டைப் போடுகிறவர்களும் உண்டு. அந்த றப்பர் தண்ணிக்குச் செய்தது, எண்ணெயில் ஊறினால் உப்பி இளகிவிடும். லிஃப்ட் போட்ட வண்டிக்கு நீளம் போதாவிட்டால், டர்ஹாமின் வடக்குப் பக்கம் பண்ணை நிலம்தானே, விவசாய இயந்திரங்களுக்கு ஹோஸ் அமுக்கித் தருகிற ஹைட்ராலிக் கடைகளைக் கேளுங்கோ. பழைய ஹோஸை முனைகளோடு கொண்டுபோங்கோ, பவர் ஸ்டியரிங்குக்கு என்று வாய் திறந்து சொல்லுங்கோ. போத்தலில் வருகிற ஒழுக்கு அடைக்கிற மருந்தை நான் வாங்கமாட்டேன். அது சீல்களை உப்ப வைக்கிற சாமான், தேய்ந்த பின்னலுக்கு அது என்ன செய்யப்போகிறது?

எண்ணெய் எது என்று தொட்டி மூடியில் எழுதியிருக்கும். சிவப்பு என்றால் எல்லாம் ஒன்று இல்லை. நிரப்பினதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. முன் பக்கத்தை ஜக்கால் தூக்கி, ஸ்ராண்டில் வைத்து, எஞ்சின் நிற்கும்போதே ஸ்டியரிங்கை முனைக்கு முனை இருபது தடவை போல மெதுவாகத் திருப்புங்கோ. குமிழி வரும், மட்டம் இறங்கும், நிரப்புங்கோ. குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட். எண்ணெய் பால் மாதிரி நுரைத்தால் நிற்பாட்டி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பத் தொடங்குங்கோ.

கேள்வி அனுப்பின தம்பிக்கு இன்னொன்று. வண்டியை வித்தவர் "சேஃப்டி எடுத்த வண்டி" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சான்றிதழ் பரிசோதித்த நாளிலிருந்து 36 நாளுக்குத்தான். அதுவும் அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதற்கு மட்டும், ஏப்ரல் மாத உப்புக்கோ அடுத்த கல்லுக்கோ உத்தரவாதம் இல்லை. சான்றிதழில் திகதியைப் பாருங்கோ. எண்ணெய் சொட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை இரவு வைத்து, காலையில் படம் எடுத்து அனுப்புங்கோ. ஹோஸ் போகிற வழியையும் ஒரு வீடியோ. மாமாவிடம் காட்டுகிறேன். ஹோஸை மாற்றி 100 கிலோமீற்றர் ஓடினதும் இரண்டு நட்டையும் திரும்ப ஒருதரம் தொட்டுப் பார்க்கவேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவேண்டாம், மூடின போத்தலில் டர்ஹாம் றீஜனின் ஆபத்தான வீட்டுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்தால் காசில்லாமல் வாங்குவார்கள்.